மகாராணி இல்லாத நாட்டின் மகாராணி

2025 அக்டோபர் கடைசி வாரம். வரவுசெலவுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் அமெரிக்க அரசு முடங்கி மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நவம்பர் மாத உணவு உதவி வராது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த உதவியை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பேர். அமெரிக்கர்களில் எட்டில் ஒருவர்.

அந்த வாரம் கைப்பேசிகளில் சில வீடியோக்கள் வேகமாகப் பரவின. அட்டை வேலை செய்யவில்லை என்று கடைக் கல்லாவில் நின்று கத்தும் கறுப்பினப் பெண்கள். வரி கட்டுகிறவர்கள்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சண்டை போடும் பெண்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், பகிர்ந்தார்கள். பெரிய செய்தி நிறுவனம் ஒன்றின் இணையதளம் அவற்றை உண்மை என்று நம்பிச் செய்தியாகவே போட்டது, பிறகு திருத்திக்கொண்டது. அந்தப் பெண்களில் பலர் பிறக்கவே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இரண்டு வரி தட்டி யாரோ உருவாக்கிய முகங்கள் அவை.

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வசையை வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம். பழிப்பை உள்ளே மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இந்த இரண்டையும் சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "எப்படித் திட்டுறதுங்கிறதுக்கு இலக்கணம் இருக்கு, யாரைத் திட்டுறதுங்கிறதுக்கு இல்லையா மேடம்?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கடந்த அறுபது ஆண்டு அமெரிக்க வரலாற்றில் ஏழைப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதும் அவளுக்கான பணத்தை வெட்டுவதும் கைகோத்தே நடந்திருக்கின்றன. அதே காலத்தில் அந்தப் பெண்களும் சிரித்திருக்கிறார்கள். அவர்களுடைய சிரிப்பை யாரும் அதிகம் எழுதிவைக்கவில்லை.

*

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் வந்தது. அதில் முதியோருக்கான காப்பீடு இருந்தது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். அன்று வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அதே சட்டத்தில் தகப்பன் இல்லாத குழந்தைகளை வளர்க்கும் தாய்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையும் இருந்தது. காப்பீடு, உழைத்தவரின் உரிமை. உதவித்தொகை, இரக்கப்பட்டுக் கொடுப்பது. இந்தப் பிரிவினை சட்டம் பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

இரக்கப்பட்டுக் கொடுப்பவருக்கு எட்டிப் பார்க்கும் உரிமையும் வந்துவிடுகிறது. உதவித்தொகை வாங்கும் பெண்ணின் வீட்டில் ஆண் யாரும் இருக்கக்கூடாது என்று பல மாநிலங்கள் விதி வைத்தன. நள்ளிரவில் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். அலமாரியில் ஆண் சட்டை இருக்கிறதா, கட்டிலுக்கடியில் ஆண் செருப்பு இருக்கிறதா என்று தேடினார்கள். அலபாமா மாநிலத்தின் இத்தகைய விதியை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏழைப் பெண்ணின் படுக்கையறை அரசின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமாக இருந்தது.

ஜானி டில்மன் இந்த உலகத்திலிருந்து வந்தவர். 1926இல் ஆர்கன்சாவில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்தார். ஆறு குழந்தைகளின் தாய். 1963இல் உடம்பு முடியாமல் போனபோது மனமில்லாமல்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்ட அவமானம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. வாட்ஸ் பகுதியின் குடியிருப்பில் தன்னைப் போன்ற தாய்மார்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். சில ஆண்டுகளில் இத்தகைய சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசிய நலவுரிமை அமைப்பாயின.

1967இல் அந்த அமைப்பின் பெண்கள் செனட் குழு ஒன்றின் முன்பு தங்கள் தரப்பைச் சொல்லப் போனார்கள். கேட்க ஆளில்லை. நகர மறுத்து அங்கேயே உட்கார்ந்தார்கள். குழுவின் தலைவர் ரஸ்ஸல் லாங் அவர்களைக் குட்டி போடும் குதிரைகளோடு ஒப்பிட்டுப் பேசினார். நாட்டின் நிதியை முடிவு செய்யும் அறையில் பேசப்பட்ட வசை அது. நம் இலக்கணத்தில் செம்பொருள்.

ஐந்து ஆண்டு கழித்து, புதிதாக வந்திருந்த 'மிஸ்' என்ற பெண்ணிய இதழில் டில்மன் எழுதிய கட்டுரை இதற்கான பதிலாகப் படிக்கத்தக்கது. உதவித்தொகை என்பது பெண்களின் பிரச்சினை என்பது அதன் தலைப்பு. தான் பெண், கறுப்பு, ஏழை, குண்டு, நடுவயது, உதவித்தொகை வாங்குபவள் என்று அவரே வரிசையாகச் சொல்லித் தொடங்குகிறார். பிறர் அவரைக் கேலி செய்ய வைத்திருந்த சொற்களையெல்லாம் முதலிலேயே தன் கையில் எடுத்துக்கொள்கிறார். பிறகு உதவித்தொகையை ஒரு கல்யாணத்துக்கு ஒப்பிடுகிறார். ஒரு புருஷனை விட்டுவிட்டு அரசாங்கம் என்ற புருஷனைக் கட்டிக்கொள்கிறாய். அவன் சரியாக நடத்தவில்லை என்றால் உன்னால் விலக முடியாது. ஆனால் அவன் நினைத்த நேரத்தில் உன்னைத் துரத்திவிடலாம், பிள்ளைகளை மட்டும் அவன் வைத்துக்கொள்வான். பணத்துக்காகத்தான் இவர்கள் பிள்ளை பெறுகிறார்கள் என்ற பழிக்கும் அவர் கணக்குச் சொல்கிறார். இன்னொரு குழந்தை பிறந்தால் மாதத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது சராசரியாக 35 டாலர். அதற்காகப் பத்து மாதம் சுமப்பாள் என்று ஆண்களால் மட்டுமே கற்பனை செய்ய முடியும், ஆண்களால் மட்டுமே நம்பவும் முடியும் என்பது அவர் கட்சி.

கடைசியில் ஒரு தீர்வும் சொல்கிறார். தான் குடியரசுத் தலைவராக இருந்தால் பெண்கள் செய்யும் வேலையும் வேலைதான் என்று ஓர் ஆணை போட்டுவிடுவாராம். வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வாழத் தக்க கூலி கொடுத்துவிட்டால் உதவித்தொகை என்ற பிரச்சினையே இருக்காது. வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியும் வருகிறது.

கட்டுரை எழுதாத பெண்கள் தெருவில் இதைச் செய்தார்கள். 1970 இறுதியில் நெவாடா மாநிலம், மோசடி என்று சொல்லிப் பெருமளவு தாய்மார்களின் உதவியை நிறுத்தியது, குறைத்தது. ஹோட்டல் சமையற்கட்டில் எண்ணெயில் வழுக்கி விழுந்து முதுகு உடைந்து வேலை இழந்த ரூபி டங்கன் என்ற தாய் அவர்களைத் திரட்டினார். 1971 மார்ச் 6 அன்று லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதிக்குள் ஊர்வலமாக நுழைந்தார்கள். சூதாட்டம் நின்றுபோனது. இன்னொரு முறை குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஸ்டார்டஸ்ட் விடுதியின் உணவகத்தில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட வைத்து, பணம் கட்ட மறுத்தார்கள். அதே நகரத்தில் ஒருவர் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் தோற்றால் உபசரிப்பார்கள். ஒரு தாய் பால் வாங்கிய கணக்கில் பிசகினால் மோசடிக்காரி. இதை அவர்கள் மேடை போட்டுப் பேசவில்லை, நடித்துக் காட்டினார்கள். அந்த மாதமே கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நிறுத்திய உதவியைத் திரும்பக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்.

*

1976இல் ரொனால்ட் ரீகன் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்டார். மேடைதோறும் சிகாகோ பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னார். அவளுக்கு 80 பெயர்கள், 30 முகவரிகள், 12 சமூகப் பாதுகாப்பு அட்டைகள். வரி கட்டாமல் ஆண்டுக்கு 1,50,000 டாலர் வருமானம். கூட்டம் ஆச்சரியப்பட்டது, சிரித்தது, கொதித்தது. சிகாகோ பத்திரிகை ஏற்கெனவே அவளுக்கு ஒரு பட்டம் சூட்டியிருந்தது: 'வெல்ஃபேர் குயின்', உதவித்தொகை மகாராணி. முடியாட்சியை எதிர்த்துப் பிறந்த நாடு கடைசியில் தனக்கென ஒரு மகாராணியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அந்தப் பெண் கற்பனை இல்லை. 1977இல் அவர் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றத்தில் நிரூபணமான தொகை சுமார் 8,000 டாலர். பத்திரிகையாளர் ஜோஷ் லெவின் 2019இல் வெளியிட்ட 'தி குயின்' என்ற நூலில் அவருடைய வாழ்க்கையைத் தோண்டியெடுத்தார். குழந்தைக் கடத்தல், சந்தேக மரணங்கள் என்று மிகப் பெரிய குற்றங்களின் தடயங்கள் அங்கே இருந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக அவற்றை விடாமல் துருவ யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. திருடிய காசோலைதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. விதிவிலக்கான ஒரு குற்றவாளி லட்சக்கணக்கான தாய்மார்களின் முகமாக ஆக்கப்பட்டார். பேச்சில் கறுப்பு என்ற சொல்லே வர வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் தாங்களே நிறம் பூசிக்கொண்டார்கள். இதுதான் பழிகரப்பு.

ரீகன் 1981இல் பதவிக்கு வந்ததும் நலத்திட்டங்கள் வெட்டப்பட்டன. வேலைக்குப் போய்க்கொண்டே கொஞ்சம் உதவியும் வாங்கிவந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு பள்ளி மதிய உணவுச் செலவைக் குறைக்க வேளாண்மைத் துறை புதிய விதிகளை முன்வைத்தது. தொட்டுக்கொள்ளும் பண்டங்களையும் காய்கறிக் கணக்கில் சேர்க்க அவை வழிசெய்தன. 'தக்காளி கெச்சப் ஒரு காய்கறி' என்று நாடே கேலி செய்தது. எதிர்க்கட்சி செனட்டர்கள் அந்த அளவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக் காட்டினார்கள். அரசு விதிகளைத் திரும்பப் பெற்றது.

அங்கதம் வென்ற அரிய தருணம் இது என்று எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் யாருக்காக வென்றது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டுக்காக நாடு சிரித்தது. அந்தப் பிள்ளையின் தாய் உதவியை இழந்தபோது அப்படி ஒரு கேலி எழவில்லை. குழந்தையின் பசிக்குக் குற்றம் கிடையாது. தாயின் பசிக்கு ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடலாம்.

*

1992 ஏப்ரல், மே மாதங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தது. ராட்னி கிங்கை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதற்கு எதிரான கலவரம். மே 19 அன்று துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல் அந்தக் கலவரத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் குடும்பச் சீர்குலைவைச் சொன்னார். அந்தப் பேச்சில் 'மர்ஃபி பிரவுன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகியையும் கண்டித்தார். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளும், கைநிறையச் சம்பாதிக்கும் செய்தியாளர் அந்தப் பாத்திரம். டயான் இங்லிஷ் உருவாக்கிய தொடர் அது. செப்டம்பரில் தொடரிலேயே பதிலடி வந்தது. மர்ஃபி பலவகைக் குடும்பங்களைத் திரையில் நிறுத்திப் பேசினாள். முடிவில் ஒரு லாரி உருளைக்கிழங்கு குவேல் வீட்டு வாசலில் கொட்டப்பட்டது. அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலை ஒரு பள்ளி மாணவனுக்கு அவர் தவறாகத் 'திருத்திய' கதையை அறிந்த நாடு விழுந்து விழுந்து சிரித்தது.

நானும் அந்தப் பகுதியை ரசித்திருக்கிறேன். ஆனால் வரலாற்றை வரிசைப்படி அடுக்கினால் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. வசதியான ஒற்றைத் தாயை அங்கதம் காப்பாற்றிவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1996 ஆகஸ்ட் 22 அன்று, குவேலின் எதிர்க்கட்சிக்காரரான பில் கிளிண்டன் ஏழை ஒற்றைத் தாய்க்கான 61 ஆண்டு கால உதவித் திட்டத்தை முடித்துவைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கூட்டாட்சி நிதியிலிருந்து வாழ்நாளில் மொத்தம் 60 மாதங்கள்தான் உதவி. அதற்கும் வேலை செய்தாக வேண்டும். மாநிலங்களுக்குத் தரும் மொத்தத் தொகை ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர் என்று நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரைந்தது. 1996இல் குழந்தைகளுள்ள 100 ஏழைக் குடும்பங்களில் 68 குடும்பங்களுக்குப் பண உதவி கிடைத்தது. 2020இல் 21.

வறுமையைப் பற்றிய அந்தச் சட்டம் தன் முதல் கண்டறிதலாகச் சொல்வது பசியையோ கூலியையோ பற்றி அல்ல. வெற்றிகரமான சமுதாயத்துக்குத் திருமணமே அடித்தளம் என்கிறது. 1972இல் டில்மன் கேலியாகச் சொன்ன கல்யாணம் சட்டப் புத்தகத்தின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் படித்துச் சிரிக்க டில்மன் இல்லை. 1995இல் இறந்துவிட்டார்.

அந்தச் சட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1996 ஜூலை 22 அன்று, 'தி டெய்லி ஷோ' தொடங்கியது. அமெரிக்க அரசியல் அங்கதம் என்றதும் இன்று உலகமே நினைக்கும் நிகழ்ச்சி அது. அதை உருவாக்கியவர்கள் லிஸ் வின்ஸ்டெட், மேடலின் ஸ்மித்பர்க் என்ற இரு பெண்கள். வின்ஸ்டெட் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியேறினார். புகழ் பின்னால் வந்த ஆண் தொகுப்பாளர்களின் பெயரில் சேர்ந்தது. பெண்கள் சமைத்த அடுப்படி, பந்தியில் ஆண்கள்.

*

உழைக்கும் பெண்ணே தன் வறுமையைச் சொல்லிச் சிரிக்கவைத்த தொடர் ஒன்று இருந்தது. 1988இல் வந்த 'ரோசேன்'. நடித்த ரோசேன் பாரின் மேடை நகைச்சுவையிலிருந்து பிறந்தது அது. கதை நாயகி பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எந்தப் பில்லை இந்த மாதம் கட்டலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதுதான் வீட்டின் அன்றாடப் பேச்சு. முதல் பருவத்தின் கடைசியில் மேலாளர் உற்பத்தி அளவை ஏற்றியதை எதிர்த்து அவளும் தோழிகளும் வேலையை உதறிவிட்டு வெளியே நடக்கிறார்கள். அடுத்தடுத்த பருவங்களில் அதற்கான விலையைக் கொடுக்கிறாள்: தொலைபேசி விற்பனை, அழகு நிலையத்தில் முடி கூட்டும் வேலை, உணவகத்தில் பரிமாறும் வேலை. 1989–90இல் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களின் வரிசையில் முதலிடத்துக்குப் போனது அது.

இந்தக் கதையை இங்கேயே முடிக்க ஆசைதான். முடிக்கக் கூடாது. 2018இல் தொடர் மறுபடி வந்தது. மே மாதம் ரோசேன் பார், ஒபாமாவின் ஆலோசகராக இருந்த கறுப்பினப் பெண் வேலரி ஜாரட்டைக் குரங்கோடு இணைத்து ட்விட்டரில் கேலி எழுதினார். அன்றே தொடர் நிறுத்தப்பட்டது. அவர் இல்லாமல் வேறு பெயரில் தொடர்ந்தபோது, முழங்கால் வலிக்கு எடுத்த வலிநிவாரணி மாத்திரைகள் மிஞ்சிப்போய் ரோசேன் பாத்திரம் இறந்ததாகக் காட்டினார்கள். மேலாளரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த அதே வாய்க்கு இன்னொரு பெண்ணை விலங்காக்கிச் சிரிக்கவும் தெரிந்திருந்தது. 1967இல் செனட் அறையில் கேட்ட வசைக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. வறுமையை அனுபவித்தவர் என்பதால் மட்டும் ஒருவருடைய கேலி நியாயமாகிவிடாது.

பார்பரா ஏரன்ரைக் வேறு வழியில் போனார். உயிரணு நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பெண்ணியவாதி, எழுத்தாளர். 1998 தொடங்கி ஃபுளோரிடாவில் பரிமாறுபவராக, மெய்ன் மாநிலத்தில் வீடு துடைப்பவராக, மினசோட்டாவில் வால்மார்ட் ஊழியராக வேலை செய்து, அந்தக் கூலியில் வாழ முடிகிறதா என்று பார்த்தார். 'நிக்கல் அண்ட் டைம்ட்' 2001இல் வந்தது. அந்த நூலின் கேலி முதலில் எழுதியவர் மேலேயே விழுகிறது. தன் படிப்பை அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. சக ஊழியரிடம் நான் உண்மையில் எழுத்தாளர் என்று போட்டு உடைத்தபோது, அப்படியானால் அடுத்த வாரம் நீ வேலைக்கு வரமாட்டாயா என்பதே கேள்வியாக வந்தது. தனக்கு எந்த நேரமும் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு, அவர்களுக்கு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

அவர் கூலி வாங்கிய உலகம் பெரிதாக மாறிவிடவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அதே தொகைதான். மிச்சத்தை வாடிக்கையாளர் மனம் குளிர்ந்து தர வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஆகவே வாடிக்கையாளரின் அசட்டுக் கேலிக்கெல்லாம் சிரிப்பதும் அவளுடைய வேலையில் சேர்ந்துவிடுகிறது. சிரிக்காவிட்டால் வாடகை குறையும். அங்கதத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் இந்தச் சிரிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

*

2020இல் மிசிசிப்பி மாநிலத் தணிக்கைத் துறை, 1996 சட்டம் உருவாக்கிய அதே ஏழைகள் நிதியைச் சோதித்தது. குறைந்தது 7 கோடியே 70 லட்சம் டாலர் முறைகேடாகச் செலவாகியிருந்தது பின்னர் உறுதியானது. அதில் சுமார் 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தில் கைப்பந்து அரங்கம் கட்டப் போயிருந்தது. இதைத் தின்றவர்கள் அதிகாரிகளும் செல்வாக்குள்ளவர்களும். யாருக்கும் மகாராஜா பட்டம் சூட்டப்படவில்லை. 8,000 டாலருக்கு ஒரு பட்டம் ஐம்பது ஆண்டு நிலைக்கிறது. 7 கோடிக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

இன்று அங்கதக்காரர்களுக்கே வேலை நிச்சயமில்லை. டெய்லி ஷோவிலிருந்து வந்து தனி நிகழ்ச்சி நடத்திய சமந்தா பீயின் 'ஃபுல் ஃப்ரன்டல்' 2022இல் நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் ஸ்டீவன் கோல்பெர்ட்டின் நிகழ்ச்சி முடிவுக்கு வரும் என்று அறிவித்தார்கள். பணக் கணக்கே காரணம் என்றது நிறுவனம். செப்டம்பரில் ஜிம்மி கிம்மல் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டார். கருத்துச் சுதந்திரம் குறித்து நாடு கவலைப்பட்டது. கவலை நியாயமானது. அடுத்த மாதமே அந்தப் போலி வீடியோக்கள் பரவின. அதிகாரத்தைக் கேலி செய்பவருக்கு வேலை போகலாம். ஏழைப் பெண்ணைக் கேலி செய்ய இப்போது மனிதர்கூட வேண்டியதில்லை.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். யாரைத் திட்டுவது என்பதற்கு இலக்கணம் இல்லை. ஆனால் ஒரு சோதனை உண்டு. சிரித்து முடித்த மறுநாள் யாருடைய தட்டில் சோறு குறைகிறது என்று பார்க்கலாம். ரீகன் கதைக்குச் சிரித்த பிறகு தாய்மார்களின் தட்டில் குறைந்தது. டில்மனின் கட்டுரைக்குச் சிரித்ததால் யாருடைய தட்டிலும் ஒரு பருக்கையும் குறையவில்லை. பெண்களின் வேலையும் வேலைதான் என்று அவர் எழுதிய ஆணையில் இதுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் கையெழுத்திடவில்லை. அடுத்த ஆண்டு செய்யுளியல் நடத்தும்போது அந்த இரண்டு வகைகளோடு டில்மனின் கட்டுரையையும் வகுப்பில் வைத்துப் படிப்பதாக இருக்கிறேன்.